வால்டேர் சொல்லாததும் செய்ததும்

போன மாதம் கருத்துச் சுதந்திரம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் பெயரைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. சரி, இந்தத் தடவை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு அவரை மட்டும் பார்த்துவிடலாம்.

கேள்வி: "நீங்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அதைச் சொல்ல உங்களுக்கு இருக்கும் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்." பட்டிமன்றத்தில் இதை வால்டேர் சொன்னதாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். நடுவர் ஐயா, "அவர் அப்படிச் சொல்லவே இல்லையம்மா" என்று மேடையிலேயே திருத்திவிட்டார். யார் சரி? (கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

பதில்: நடுவர்தான் சரி. அதை மேடையிலேயே செய்திருக்க வேண்டாம் என்பது வேறு விஷயம். அந்த வாக்கியத்தை எழுதியவர் எவலின் பீட்ரிஸ் ஹால் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. வால்டேரின் நண்பர்களைப் பற்றி 1906இல் ஒரு புனைபெயரில் புத்தகம் போட்டார். அதில் எல்வேஷியஸ் என்ற தத்துவவாதியைப் பற்றி ஓர் அத்தியாயம் வருகிறது. அவர் 1758இல் மனித மனத்தைப் பற்றி எழுதிய நூலைப் போப்பாண்டவர் கண்டித்தார், பாரிஸ் நீதிமன்றம் எரிக்கச் சொன்னது. வால்டேருக்கு அந்த நூல் அப்படியொன்றும் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒரு புத்தகத்துக்காக ஒரு மனிதரை இப்படியா துரத்துவது என்று எரிச்சல்பட்டார். அந்த மனநிலையைச் சுருக்கிச் சொல்ல ஹால் அம்மையார் தன் சொந்த நடையில் போட்ட வரி அது, மேற்கோள் குறிக்குள் போட்டதால் வந்த வினை. பின்னாளில் அவரே "அது என்னுடைய வரிதான்" என்று விளக்கினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த பட்டிமன்றத்துக்கு அவருடைய சொந்தச் சரக்கே வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. 1770இலிருந்து தொகுதி தொகுதியாக அவர் வெளியிட்ட 'கலைக்களஞ்சியம் பற்றிய கேள்விகள்' நூலில் அச்சுரிமை பற்றி ஒரு கட்டுரை உண்டு. நாக்கைப் பயன்படுத்துவது போலவே பேனாவைப் பயன்படுத்துவதும் இயற்கையான உரிமை, அதனால் வரும் ஆபத்துக்கு அவனவன் பொறுப்பு என்கிறார். அதோடு, சலிப்பூட்டிய புத்தகங்கள் எனக்கு நிறையத் தெரியும், உண்மையில் கெடுதல் செய்த புத்தகம் ஒன்றுகூடத் தெரியாது என்றும் சொல்கிறார். இந்த இரண்டாவது வரி சுத்தமான வக்கீல் வாதம். புத்தகத்தால் ஒன்றும் ஆகாது என்று நம்பியவர் எண்பத்து மூன்று வயது வரை எழுதித் தள்ளியிருக்க மாட்டார்.

கேள்வி: அந்த வாக்கியமே அவருடையது இல்லை என்றால், மத சகிப்புத்தன்மை என்றதும் எதற்கு அவர் பெயரைச் சொல்கிறார்கள்? (ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மதுரை)

பதில்: ஒரு வழக்குக்காக. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா.

1761 அக்டோபர் 13 இரவு, தெற்குப் பிரான்சின் துலூஸ் நகரம். ழான் கலாஸ் என்ற துணி வியாபாரியின் வீட்டில் சாப்பாடு முடிந்து, வந்திருந்த விருந்தாளியை வழியனுப்பக் கீழே இறங்கினால், கடைக்குள் மூத்த மகன் மார்க் அந்துவான் செத்துக் கிடக்கிறான். வெளியே கூட்டம் கூடுகிறது. கலாஸ் குடும்பம் புராட்டஸ்டண்ட், ஊரோ கத்தோலிக்க ஊர். 1685இல் பதினான்காம் லூயி மன்னர் புராட்டஸ்டண்டுகளுக்கு இருந்த உரிமைகளை ரத்து செய்ததிலிருந்து அவர்கள் பிரான்சில் இருந்தும் இல்லாதவர்கள். அவர்கள் முறைப்படி செய்துகொள்ளும் கல்யாணம் சட்டத்தில் செல்லாது, வக்கீல் தொழிலுக்குப் போக வேண்டுமென்றால் கத்தோலிக்கர் என்று சான்றிதழ் வேண்டும். மார்க் அந்துவான் சட்டம் படித்துவிட்டு அந்தச் சான்றிதழ் கிடைக்காததால் அப்பாவின் கடையிலேயே மனம் வெறுத்துப்போய் உட்கார்ந்திருந்தவன். கூட்டத்தில் யாரோ ஒருவர், பையன் மதம் மாறப் பார்த்தான், அதனால் அப்பனே கொன்றுவிட்டான் என்று கிளப்பிவிட்டார். அது போதுமானதாக இருந்தது.

குடும்பமும் ஒரு தப்பு செய்தது. யாரோ வெளியாள் கொன்றதாக முதலில் சொன்னார்கள். அப்புறம்தான் அவன் தூக்கில் தொங்கியதைச் சொன்னார்கள். காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் தற்கொலை செய்துகொண்டவரின் பிணத்தைக் குப்புறப் போட்டுத் தெருத்தெருவாக இழுத்துப்போவார்கள். பெற்ற பிள்ளைக்கு அந்தக் கதி வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்கள். ஆனால் வாக்குமூலம் மாறியதே குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. வீட்டு வேலைக்காரப் பெண்மணி கத்தோலிக்கர், அன்றிரவு வீட்டில்தான் இருந்தார். இன்னொரு மகன் ஏற்கெனவே கத்தோலிக்கத்துக்கு மாறியிருந்தான், அவனுக்கு அப்பா செலவுக்குப் பணமும் கொடுத்துக்கொண்டிருந்தார். இதையெல்லாம் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. செத்துப்போன பையனைக் கத்தோலிக்கத் தியாகியாக ஆக்கி ஆடம்பரமாக அடக்கம் செய்தார்கள். 1562இல் புராட்டஸ்டண்டுகளை வெட்டித் தீர்த்த நாளை ஆண்டுதோறும் ஊர்வலம் விட்டுக் கொண்டாடிய ஊர் அது. அந்தக் கொண்டாட்டத்தின் இருநூறாவது ஆண்டு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. 1762 மார்ச் 9இல் தீர்ப்பு, மறுநாளே நிறைவேற்றம். அறுபது தாண்டிய அந்த மனிதரைச் சித்திரவதை செய்து, சக்கரத்தில் கட்டிக் கை கால்களை இரும்புத் தடியால் முறித்து, இரண்டு மணி நேரம் கிடக்கவிட்டு, கடைசியில் கழுத்தை நெரித்து உடலை எரித்தார்கள். கடைசி மூச்சு வரை நான் நிரபராதி என்றே சொன்னார்.

இந்தச் செய்தி வால்டேருக்கு வந்தபோது அவர் சுவிட்சர்லாந்து எல்லையோரம் ஃபெர்னே என்ற ஊரில் பெரிய பணக்காரராக, ஐரோப்பாவே அறிந்த எழுத்தாளராக உட்கார்ந்திருந்தார். முதலில் கேலிதான் செய்தார். நாம் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை, ஆனால் இந்த புராட்டஸ்டண்டுகள் நம்மைவிட மோசம் என்று ஒரு கடிதத்தில் எழுதுகிறார். சில நாட்களிலேயே தொனி மாறுகிறது. அப்பன் மகனைக் கொன்றிருந்தாலும் மதவெறி, நீதிபதிகள் அப்பாவியைக் கொன்றிருந்தாலும் மதவெறி, எதுவென்று தெரிய வேண்டும் என்று விசாரிக்கத் தொடங்கினார். ஜெனீவாவில் இருந்த கலாஸின் கடைசி மகனைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். நம்பிக்கை வந்த பிறகு மனிதர் சும்மா இருக்கவில்லை. மந்திரிகளுக்குக் கடிதம், மன்னரின் ஆசைநாயகி பொம்பதூர் அம்மையாருக்குக் கடிதம், பாரிஸில் நல்ல வக்கீல்கள், கலாஸின் விதவையைப் பாரிஸுக்கு வரவழைத்துப் பெரிய மனிதர்களைச் சந்திக்க வைத்தது, வழக்கு விவரங்களைச் சின்னச் சின்னப் பிரசுரங்களாக அச்சடித்து ஊரெல்லாம் பரப்பியது, குடும்பத்துக்குப் பணம் திரட்ட அவர்களுடைய படத்தை அச்சடித்து விற்றபோது அதற்கு ஆள் பிடித்துக் கொடுத்தது என்று மூன்று வருஷம் இதே வேலை. நடுவில் 1763இல் 'சகிப்புத்தன்மை பற்றிய ஆய்வு' என்ற நூலையும் எழுதினார். 1764இல் அரசரின் மன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. 1765 மார்ச் 9 அன்று, தீர்ப்பு வந்த அதே தேதியில், கலாஸ் நிரபராதி என்று ஒருமனதாக அறிவித்தார்கள். கலாஸ் குடும்பத்துக்கு மன்னர் 36,000 லீவர் (அந்தக் காலப் பிரெஞ்சுப் பணம்) கொடுத்தார்.

சகிப்புத்தன்மைக்குத் தத்துவ வாதம் வால்டேருக்கு முன்பே வந்துவிட்டது. பியர் பேல் 1686இல் எழுதியாயிற்று, ஜான் லாக் 1689இல் எழுதியாயிற்று, இரண்டும் வால்டேருடையதைவிட ஆழமானவை என்றுகூடச் சொல்வேன். அவர்களிடம் இல்லாதது ஒரு விதவையும் ஒரு கேஸ் கட்டும். நீதிமன்றம் தப்பு செய்தால் பொதுமக்களிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று காட்டியது வால்டேர்தான்.

கேள்வி: இந்தச் சிந்தனையெல்லாம் அவருக்கு எங்கிருந்து வந்தது? (வாசகர், ஈரோடு)

பதில்: பாதி இங்கிலாந்திலிருந்து, மீதி வாங்கிய அடியிலிருந்து. ஆட்சியாளரைக் கிண்டல் செய்து பாட்டு எழுதியதற்காக 1717இலேயே பாஸ்டில் சிறையில் பதினொரு மாதம் இருந்தவர். 1726இல் ரோஹான் என்ற பிரபுவோடு வாய்ச்சண்டை. பிரபு தன் வேலையாட்களை விட்டுத் தெருவில் அடிக்கவைத்தார், அடித்தவரை விட்டுவிட்டு அடிபட்டவரை மறுபடி பாஸ்டிலில் போட்டார்கள். நாட்டை விட்டுப் போகிறேன் என்று சொல்லி வெளியே வந்து லண்டன் போனார். அங்கே பங்குச் சந்தையில் யூதர், முஸ்லிம், கிறிஸ்தவர் மூவரும் ஒரே மதத்தவர் போல வியாபாரம் செய்வதைப் பார்க்கிறார். அங்கே திவாலானவனுக்கு மட்டும்தான் 'காஃபிர்' பட்டம் என்று எழுதுகிறார். இங்கிலாந்தில் ஒரே மதம் இருந்தால் கொடுங்கோல் வரும், இரண்டு இருந்தால் கழுத்தை அறுத்துக்கொள்வார்கள், முப்பது இருப்பதால் நிம்மதியாக இருக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. (இங்கிலாந்தில் கத்தோலிக்கர்கள் அப்போது என்ன பாடுபட்டார்கள் என்பதை வசதியாக விட்டுவிட்டார்.) அந்தக் கடிதங்களை 1734இல் பிரான்சில் புத்தகமாகப் போட்டதும் எரித்தார்கள், அச்சடித்தவரை சிறைக்கு அனுப்பினார்கள்.

கேள்வி: அவர் நாத்திகர்தானே? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: இல்லை. நம் ஊர் பகுத்தறிவு மேடைகளில் அவர் பெயரைக் கேட்டுக் கேட்டு அப்படித் தோன்றுவது இயல்பு. உலகத்தைப் படைத்த கடவுள் உண்டு, ஆனால் அந்தக் கடவுளுக்கும் பாதிரியார்களின் சண்டைக்கும் சம்பந்தமில்லை என்பது அவர் கட்சி. ஃபெர்னேயில் 1761இல் ஒரு தேவாலயமே கட்டி, 'இதைக் கடவுளுக்காக எழுப்பியவர் வால்டேர்' என்று லத்தீனில் பொறித்து வைத்தார். கடவுளின் பெயரைவிட இவர் பெயர் பெரிய எழுத்தில் இருந்ததாக ஊரில் கிண்டல் உண்டு. 'ஆய்வு' நூலின் முடிவுப் பக்கம் ஒன்றில் கடவுளை நோக்கி ஒரு பிரார்த்தனை வருகிறது. பட்டப்பகலில் மெழுகுவத்தி ஏற்றி உன்னைக் கும்பிடுகிறவர்கள், உன் சூரிய வெளிச்சமே போதும் என்று இருக்கிறவர்களைப் பொறுத்துக்கொள்ளட்டும் என்று வேண்டுகிறார்.

கேள்வி: மற்றவர் வழக்கில் வீரம் காட்டுவது சரி. தன் தலைக்கு ஆபத்து வந்தபோது என்ன செய்தார்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஓடினார், பொய்யும் சொன்னார். நூற்றுக்கும் மேற்பட்ட புனைபெயர்கள் வைத்திருந்தவர். 1764இல் வந்த 'தத்துவ அகராதி' தன்னுடையது இல்லை என்று கூசாமல் சாதித்தார், ஊருக்கே தெரியும் அது யாருடையது என்று.

அந்த அகராதிதான் ஒரு சாவில் வந்து முடிந்தது. 1765இல் வடக்குப் பிரான்சின் அப்வில் ஊரில் பாலத்தின் மேல் இருந்த சிலுவையை யாரோ வெட்டியிருந்தார்கள். யார் என்று நிரூபிக்க முடியவில்லை. பிடிபட்டவன் லா பார் என்ற இளைஞன். சாமி ஊர்வலம் போனபோது தொப்பியைக் கழற்றவில்லை, அசிங்கமான பாட்டுப் பாடினான், வீட்டில் தடை செய்த புத்தகங்கள் வைத்திருந்தான், இவைதான் குற்றச்சாட்டுகள். 1766 ஜூலை 1 அன்று தலையை வெட்டி உடலை எரித்தபோது அந்த அகராதியின் பிரதி ஒன்றையும் அதே நெருப்பில் போட்டார்கள். அவனுக்கு வயது இருபது. வால்டேர் பயந்துபோய் எல்லை தாண்டி ரோல் என்ற ஊருக்குப் போய்விட்டார். கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, எழுபது தாண்டியவர் தன் புத்தகத்தோடு ஒரு பையன் எரிந்ததைக் கேள்விப்பட்டால் பயப்படத்தான் செய்வார். அங்கிருந்தே வேறொரு வக்கீல் பெயரில் அந்தக் கொலையின் முழு விவரத்தையும் எழுதினார், தப்பி ஓடிய இன்னொரு இளைஞனுக்குப் பிரஷ்யப் படையில் வேலை கிடைக்க உதவினார்.

கேள்வி: வால்டேருக்கும் எங்கள் ஊருக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று என் தாத்தா சொல்வார். உண்மையா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: தாத்தா சொன்னது சரி, ஒன்றல்ல இரண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு படித்தவர்களுக்கு லாலி பெயர் தெரிந்திருக்கும். 1758இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுத் தளபதி, கவர்னர். கடலூர்க் கோட்டையைப் பிடித்தார், தஞ்சாவூர் மேல் போய் ஒன்றும் நடக்காமல் திரும்பினார், போகிற வழியில் கோயில் சொத்தைக் கொள்ளையடித்துக் கெட்ட பெயரும் வாங்கினார். 1760இல் வந்தவாசியில் தோற்று, 1761 ஜனவரியில் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். பிரான்சுக்குத் திரும்பியதும் தோல்விக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. துரோகி என்று தீர்ப்பெழுதி, பேச முடியாதபடி வாயைக் கட்டி, 1766 மே 9 அன்று பாரிஸில் தலையை வெட்டினார்கள். லாலியை யாருக்கும் பிடிக்காது. அவரைக் கொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு, கொலைத்தண்டனை நிறைவேற்றுபவனைத் தவிர என்ற பொருளில் நண்பர் தலாம்பேர் வால்டேருக்கு எழுதினார். வால்டேருக்கும் அவர் மேல் பெரிய மரியாதை இல்லை. ஆனாலும் 1773இல் இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதி, இந்த வழக்கையும் கையில் எடுத்தார். 1778 மே மாதம் தீர்ப்பு ரத்தான செய்தி வந்தபோது அவர் மரணப் படுக்கையில் கிடந்தார். லாலியின் மகனுக்கு, நிம்மதியாகச் சாகிறேன் என்று நான்கு வரி எழுதி அனுப்பினார். நான்கு நாளில் போய்விட்டார்.

இரண்டாவது, கொஞ்சம் வேடிக்கை. இந்தியாவிலிருந்து திரும்பிய ஓர் அதிகாரி 1760இல் அவருக்கு 'எசூர்வேதம்' என்ற பிரெஞ்சுச் சுவடியைக் கொடுத்தார். பழைய வேதத்தின் மொழிபெயர்ப்பு, பைபிளுக்கு முன்பே ஏக தெய்வ நம்பிக்கை இந்தியாவில் இருந்ததற்கு ஆதாரம் என்று வால்டேர் குதித்தார், மன்னர் நூலகத்துக்கே கொடுத்தார். அது வேதமும் இல்லை ஒன்றும் இல்லை, மதமாற்றத்துக்காகக் கிறிஸ்தவப் பாதிரியார்கள் எழுதியது. இதை உடைத்தவர் திருக்குறளுக்கு விளக்கம் எழுதிய நம் எல்லிஸ் துரை. புதுச்சேரிப் பாதிரியார்களிடம் இருந்த சுவடிகளைப் பார்த்து அவர் எழுதிய கட்டுரை, அவர் இறந்த பிறகு 1822இல் வெளிவந்தது. பாதிரியார்களை அடிக்கப் பாதிரியார்கள் எழுதியதையே வேதம் என்று தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார் மனிதர்.

கேள்வி: நபிகளை இழிவுபடுத்தி நாடகம் எழுதியவரை எப்படி சகிப்புத்தன்மையின் அடையாளம் என்கிறீர்கள்? (வாசகர், வாணியம்பாடி)

பதில்: நியாயமான கேள்வி. அந்த நாடகம் நபியை வஞ்சகராகக் காட்டுகிறது, அது வரலாறும் இல்லை. அடி தங்கள் மேல்தான் விழுகிறது என்று பாரிஸில் கத்தோலிக்க பக்திமான்கள் புரிந்துகொண்டு கூச்சல் போட்டதால் 1742இல் மூன்று தடவை நடித்ததோடு நிறுத்தினார்கள். பிறகு 1745இல் வால்டேர் அதைப் போப்பாண்டவருக்கே சமர்ப்பணம் செய்தார், அந்தக் குறும்பு அவருக்கே உரியது. ஆனால் ஒரு மதத்தை அடிக்க இன்னொரு மதத்தின் நபியை வைத்து ஆடியது ஆடியதுதான். பிறகு எழுதிய வரலாற்று நூல்களில் இஸ்லாத்தைப் பற்றிக் கொஞ்சம் மரியாதையாகவே பேசுகிறார். 'ஆய்வு' நூலில், பல மதத்து மக்களைத் துருக்கி சுல்தான் அமைதியாக ஆளவில்லையா என்று கிறிஸ்தவ மன்னர்களைக் கேட்கிறார்.

இதைவிட மோசம் யூதர்களைப் பற்றி அவர் எழுதியது. யூதர்களை உயிரோடு எரிப்பதை எதிர்த்தவர்தான், ஆனால் அகராதியில் அவர்களைப் பற்றிக் கொட்டியிருக்கும் வசை அருவருப்பானது. அகராதி வருவதற்கு முன்பே, யூதர்களைப் பற்றி அவர் எழுதிய வேறொரு கட்டுரையை ஐசக் டி பின்டோ என்ற யூத அறிஞர் 1762இல் கண்ணியமாக மறுத்து எழுதினார். திருத்திக்கொள்கிறேன் என்று வால்டேர் பதில் போட்டார், திருத்தவில்லை. சமகாலத் தத்துவவாதி ரூசோவைப் பிடிக்காமல் 1764இல் பெயர் போடாத துண்டுப் பிரசுரம் ஒன்றில் அவர் பெற்ற பிள்ளைகளை அநாதை இல்லத்தில் விட்ட ரகசியத்தை உடைத்து, இப்படிப்பட்ட கலகக்காரனுக்கு மரண தண்டனையே தகும் என்கிற வரைக்கும் போனார். கருத்துச் சுதந்திரத்தின் காவலர் என்று படம் மாட்டி மாலை போடுகிறவர்கள் இந்தப் பிரசுரத்தையும் ஒரு தடவை படிக்க வேண்டும்.

கேள்வி: இவரால் சட்டம் எதாவது மாறியதா, இல்லை வெறும் பேர்தானா? (வழக்கறிஞர், சேலம்)

பதில்: அவர் உயிரோடு இருந்தவரை வழக்குகள்தான் மாறின, சட்டம் மாறவில்லை. கலாஸ் போலவே மகளைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட சிர்வென் என்ற புராட்டஸ்டண்ட் 1771இல் விடுதலையானதும் அவர் முயற்சிதான். அவர் இறந்து ஒன்பது ஆண்டு கழித்து, 1787இல், புராட்டஸ்டண்டுகள் தங்கள் பிறப்பு, திருமணம், இறப்பைச் சட்டப்படி பதிந்துகொள்ளலாம் என்று பதினாறாம் லூயி ஆணை போட்டார். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் மால்செர்ப். இவர் பழைய தணிக்கை அதிகாரி, தடை செய்ய வேண்டிய, அன்றைய சிந்தனையாளர்கள் தொகுத்த கலைக்களஞ்சியத்தின் கையெழுத்துப் பிரதிகளைத் தானே ஒளித்துவைத்துக் காப்பாற்றிய விசித்திரமான தணிக்கை அதிகாரி. பிரெஞ்சுப் புரட்சியின் 1789 உரிமைப் பிரகடனத்தில் பத்தாவது பிரிவு மத நம்பிக்கைக்கும் பதினொன்றாவது பேச்சுக்கும் எழுத்துக்கும் இடம் கொடுத்தன. எல்லாமே வால்டேரால் என்று சொன்னால் மிகை. புராட்டஸ்டண்ட் போதகர்கள் எத்தனையோ வருஷம் மனுப் போட்டு அலைந்தார்கள். ஆனால் புரட்சிக்காரர்கள் கணக்கு வேறு மாதிரி இருந்தது. பாரிஸில் அடக்கம் செய்யத் திருச்சபை மறுத்து, ஷாம்பேன் பகுதியில் ஒரு மடத்தில் அவசரமாகப் புதைத்த உடலை 1791 ஜூலையில் எடுத்துவந்து, நாட்டின் பெரிய மனிதர்களுக்கான நினைவிடமான பான்தியோனில் வைத்தார்கள். அந்த ஊர்வல வண்டியில் கலாஸ், சிர்வென், லா பார் பெயர்கள் இருந்தன.

கேள்வி: "உன்னை ஆள்வது யார் என்று தெரிய வேண்டுமா? யாரை விமர்சிக்கக் கூடாதோ அவர்தான்." இதுவாவது வால்டேர் சொன்னதா? வாட்ஸ்அப்பில் வந்தது. (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இதுவும் இல்லை. 1993இல் அமெரிக்க நாஜி ஆதரவாளர் ஒருவர் யூத வெறுப்போடு எழுதிய வரி. தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

கேள்வி: அவரைப் படிக்க எதில் ஆரம்பிக்கலாம்? (இல்லத்தரசி, காரைக்குடி)

பதில்: எல்லோரும் 1759இல் வந்த 'கான்டீட்' கதையைச் சொல்வார்கள், நல்ல கதைதான். நான் 'சகிப்புத்தன்மை பற்றிய ஆய்வு' என்பேன். சின்னச் சின்ன அத்தியாயங்கள், ஆங்கிலத்தில் எளிதாகக் கிடைக்கும். 2015 ஜனவரியில் பாரிஸில் சார்லி எப்தோ பத்திரிகை அலுவலகத்தில் கொலைகள் நடந்த பிறகு பிரான்சில் திடீரென்று மறுபடி விற்றுத் தீர்ந்த புத்தகம் அது. நடுவில் இருக்கும் ரோமானியர், கிரேக்கர் விவகாரம் சலித்தால் தாண்டிவிடுங்கள், சீனா அத்தியாயத்தை மட்டும் விடாதீர்கள். கான்டன் நகரத்தில் மதச்சண்டை போட்டுக் கையை நீட்டிய இரண்டு கத்தோலிக்கப் பாதிரியார்களை ஒரு சீன அதிகாரி சிறையில் போடுகிறார். எவ்வளவு நாள் வைக்க என்று உதவியாளர் கேட்கிறார். அவர்கள் ஒத்துப்போகும் வரை என்கிறார் அதிகாரி. அப்படியென்றால் ஆயுள் முழுக்க இருப்பார்களே ஐயா. சரி, ஒருவரை ஒருவர் மன்னிக்கும் வரை. அவர்களை எனக்குத் தெரியும், மன்னிக்கவே மாட்டார்கள். அப்படியானால் மன்னித்த மாதிரி நடிக்கும் வரை வை என்கிறார் அதிகாரி.